கண்ணாடி மணியும் பொங்குமாங்கடலும்

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி வந்துவிட்டால், தென்காசியில் வாழும் எவருக்கும் குற்றாலத்தின் நினைவு வராமற் போகாது. கோர்ட்டுக் கட்டுகளும் அச்சுக்கூடத்துப் புரூப்களும் மேஜைமேல் குவிந்து கிடந்தாலும், கூப்பிடு தூரத்தில் பேரருவி விழுகிறது என்னும் எண்ணமே மனத்தைக் குளிரச் செய்யும். அத்தகைய மாலை ஒன்றில் நாம் அங்கே சென்றிருந்தபோது, பௌதிக சாஸ்திரம் பயிலும் இளைஞர் ஒருவர் உடன் வந்திருந்தார். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு எங்கெங்கோ சென்று, கடைசியில் அவருடைய படிப்பில் வந்து நின்றது.

"மயிரிழை அளவே உள்ள கண்ணாடி மணிக்குள் ஒளி சுற்றிச் சுற்றி ஓடுகிறதாம், ஐயா. அந்த ஒளியே மணியைச் சூடாக்கி, அதன் சுருதியைக் கலைத்துவிடுகிறதாம். பரீட்சையில் சூத்திரத்தை எழுதிவிடுவேன். ஆனால், நீ என்ன படிக்கிறாய் என்று என் தகப்பனார் கேட்டால், தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றார் அவர்.

இந்த வார்த்தை நம்மை உறுத்திற்று. கட்சிக்காரருக்கு அவருடைய பாஷையில் எடுத்துச் சொல்ல முடியாத வழக்கை, வக்கீல் தாமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது நமது தொழிலில் கண்ட அனுபவம். விஞ்ஞானத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே, அன்று அருவிக்கரையில் அவ்விளைஞரும் நாமும் பேசித் தெளிந்ததையும், பின்னர் நூல்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே நேயர்கள் முன் வைக்கிறோம். பொழுதுபோக்குக்காக இதை எழுதவில்லை. ஒரு தமிழர் நூறு ஆண்டுகளுக்கு முன் காது கொடுத்துக் கேட்ட ஒரு விஷயம், இன்று உலகத்தின் செய்திப் போக்குவரத்தையும் கடிகாரங்களையும் மாற்றும் நிலைக்கு வந்திருக்கிறது. அதில் நமது பங்கு என்ன என்பதே கேள்வி.

சங்கும் கும்மட்டமும்

குற்றாலநாதர் ஆலயம் சங்கின் வடிவில் அமைந்தது. சங்கக்கோயில் என்றே அதைச் சொல்லுவர். சங்கைக் காதில் வைத்துப் பார்க்காத பிள்ளை நம் நாட்டில் உண்டோ? கடலோசை கேட்கிறது என்று மகிழ்வோம். உண்மையில் அது கடலோசை அன்று. வெளியிலுள்ள பல்வேறு ஓசைகளில், சங்கின் உட்குழிவுக்கு இசைந்த ஓசைகளை மட்டும் அது பிடித்துப் பெருக்கிக் காட்டுகிறது, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. இவ்வாறு தனக்கு இசைந்த அதிர்வை மட்டும் ஏற்று வளர்ப்பதை ஒத்ததிர்வு என்கிறோம். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஏற்றபடி தள்ளினால் சிறு குழந்தையும் அதை உயர ஆட்டிவிடலாம். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வானாலும் ஆகாது.

இதே தத்துவம் பெரிய கட்டடங்களில் வேறொரு கோலத்தில் விளங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தான் முகம்மது ஆதில் ஷாவின் சமாதியாக எழுந்த கோல் கும்பஸ் என்னும் கும்மட்டத்தின் உள்மாடத்தில், ஒருவர் சுவரோரமாக நின்று கிசுகிசுத்தால், எதிர்ப்புறத்தில் சுவரோரம் நிற்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். லண்டன் நகரத்து ஸெயிண்ட் பால் தேவாலயத்திலும் இத்தகைய மாடம் உண்டு. ஒலியானது வளைந்த சுவரை விட்டு விலகாமல், அதை ஒட்டித் தவழ்ந்து செல்லுகிறது என்று ரேலீ பிரபு 19-ஆம் நூற்றாண்டில் விளக்கம் கூறினார்.

இங்கேதான் நம்மவர் வருகிறார். 1888-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஒழிந்த வேளைகளில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆராய்ச்சிச் சாலையில் உழைத்த சந்திரசேகர வேங்கட ராமன், 1921-ல் சர்வகலாசாலைகளின் மகாநாடு ஒன்றுக்காக இங்கிலாந்து சென்றார். ஸெயிண்ட் பால் ஆலயத்துக்குப் போகிறவர்கள் பொதுவாக அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ராமனோ அங்கே பரிசோதனையே நடத்திவிட்டார். ஸதர்லாந்து என்பவரின் உதவியோடு அவர் ஆராய்ந்து பார்த்ததில், சுவரிலிருந்து உட்புறமாக விலகும்போது ஒலி ஒரே சீராகத் தேயாமல், ஏறியும் இறங்கியும் செல்வது புலனாயிற்று. பெரியோர் ஒருவர் சொல்லிவிட்டாரே என்று வாளாவிராமல், தம் காதால் கேட்டு, தம் கருவியால் அளந்தார் அவர். தாயகம் திரும்பிய பின் கோல் கும்பஸ் முதலிய இந்தியக் கட்டடங்களையும் ஆராய்ந்து எழுதினார்.

அதே பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீல நிறத்தைக் கண்டு அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வியே, ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, ராமன் விளைவு என்னும் கண்டுபிடிப்பாக முடிந்தது. அதில் தோளோடு தோள் நின்ற கே. எஸ். கிருஷ்ணன், இதே மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1930-ல் ராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கும்மட்டத்து ஒலியும் கடலின் ஒளியும் ஒரே யாத்திரையில் அவர் சிந்தையைக் கவர்ந்தவை. அவ்விரண்டும் பிற்காலத்தில் ஒரு கண்ணாடி மணிக்குள் ஒன்று சேரும் என்று அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

மணிக்குள் ஓடும் ஒளி

கும்மட்டத்தைச் சுருக்குங்கள். நூறு முழ அகலமுள்ள கட்டடத்தைத் தலைமயிரின் கனத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒலியின் இடத்தில் ஒளியை வையுங்கள். இதுதான் அந்த இளைஞர் சொன்ன கண்ணாடி மணி. செய்தி அனுப்பும் ஒளியிழையின் நுனியைக் கடுஞ்சூட்டில் உருக்கினால், உருகிய கண்ணாடி தானே உருண்டு மணியாகிறது. மழைத்துளியை உருட்டும் அதே பரப்பு இழுவிசைதான் இங்கும் தச்சன். மனிதன் சாணை பிடித்து இவ்வளவு வழவழப்பைக் கொண்டுவர முடியாது. 1989-ல் மாஸ்கோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராகின்ஸ்கி, கோரதெட்ஸ்கி, இல்செங்கோ என்ற மூவர் இத்தகைய மணிகளில் ஒளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அளந்து வெளியிட்டனர். அதிலிருந்துதான் இத்துறை புதுவேகம் பெற்றது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணியை எடுத்துக்கொள்வோம். தொலைபேசிச் செய்திகளைச் சுமக்கும் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ் ஒளி அதன் உள்விளிம்பை ஒட்டி ஒரு முறை சுற்றி வந்தால், அச்சுற்றில் சுமார் 290 அலைகள் அடங்கும். அலைகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும். அப்படியானால் சுற்றி வந்த அலையும் புதிதாக நுழையும் அலையும் கைகோத்துக்கொண்டு வளரும். பின்னமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே மணி தனக்கு இசைந்த அலைநீளங்களை மட்டும் ஏற்கிறது, சங்கு ஓசையை ஏற்பது போல.

நல்ல மணியில் ஒளி ஐம்பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் ஓடும். அதன் பின்னரே தேயும். இதனால் விளைவது என்ன? ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை உள்ளே விட்டால், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஒளி 100 வாட்டை எட்டிவிடும். குற்றாலத்துப் பேரருவியில் மலையுச்சியிலிருந்து வரும் நீர், நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, சுழன்று, நிரம்பிப் பொங்கி, அதன் பிறகே கீழே நம் தலைமேல் வந்து விழுகிறது. அக்குழியில் எந்நேரமும் தேங்கிச் சுழலும் நீர், ஒரு கணத்தில் வந்து விழும் நீரைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு. கண்ணாடி மணி ஒளிக்கு ஒரு பொங்குமாங்கடல்.

பத்துக் கோடியில் ஒரு பங்கு

இனி உஷ்ணத்துக்கு வருவோம். இவ்வளவு தூய கண்ணாடியும் ஒளியில் மிகச் சிறு பங்கை விழுங்கவே செய்கிறது. விழுங்கிய ஒளி வெப்பமாகிறது. கண்ணாடி சூடேறினால் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. மணி சற்றே பருக்கிறது. அதைவிட முக்கியமாக, கண்ணாடியினுள் ஒளியின் வேகம் சற்றே குறைகிறது. இரண்டின் பலனும் ஒன்றே: மணிக்கு இசைந்த அலைநீளம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. வெயிலில் வைத்த வீணையின் தந்தி தளர்ந்து சுருதி இறங்குவது போன்றது இது.

எவ்வளவு இறங்குகிறது? ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ லக்ஷத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. இது பெரிய விஷயமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த மணியின் சுருதிச் சுத்தம் எப்படிப்பட்டது தெரியுமா? பத்துக் கோடியில் ஒரு பங்கு விலகினாலே ஒளியை அது உள்ளே விடாது. ஆகையால் ஒரு டிகிரியில் அறுநூறில் ஒரு பங்கு சூடு ஏறினாலே போதும். திறந்திருந்த கதவு சாத்திக்கொள்ளும். நாம் மூச்சு விடும் காற்றின் வெதுவெதுப்பே இதற்குப் பன்மடங்கு அதிகம். குணம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு எளிதில் கெடும் இயல்பும் சேர்ந்தே வருகிறது.

கடன்காரன் கதை

லேஸர் ஒளியின் அலைநீளத்தைக் குறுகிய பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு இசைந்த அலைநீளத்தை நெருங்கியதும் ஒளி கொஞ்சம் உள்ளே புகுகிறது. மணி சூடேறுகிறது. இசைந்த அலைநீளம் முன்னே நகர்ந்துவிடுகிறது. லேஸர் தொடர்கிறது; அது மேலும் நகர்கிறது. தென்காசித் தேர்வீதியில் கடன் கொடுத்தவரைக் கண்டதும் கடன் வாங்கியவர் நடையை எட்டிப் போடுகிறாரே, அதுபோல இருவரும் நெடுந்தூரம் செல்கிறார்கள். எதுவரை? இதற்குமேல் சூடேற்ற லேஸருக்குச் சக்தி இல்லை என்னும் எல்லை வரும்வரை. அங்கே எட்டிப் பிடித்துத் தாண்டியதும், ஒளி உள்ளே போவது நிற்கிறது, மணி குளிர்கிறது, குளிர்ந்ததும் சுருதி பழைய இடத்துக்கே துள்ளிப் பின்வாங்குகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது நெடிய அலைநீளத்திலிருந்து குறைத்துக்கொண்டு வந்தால் கதை வேறு. லேஸர் நெருங்கியதும் மணி சூடேறி, இசைந்த அலைநீளம் லேஸரை நோக்கியே ஓடி வருகிறது. கண்மூடித் திறப்பதற்குள் இருவரும் மோதிக் கடந்துபோய்விடுகிறார்கள். ஆகவே, ஒரே மணி, ஒரே லேஸர்; போகும்போது காட்டும் முகம் வேறு, திரும்பும்போது காட்டும் முகம் வேறு. ஒரு சாட்சி கிழக்கே நின்று கேட்டால் ஒரு விடையும் மேற்கே நின்று கேட்டால் மறு விடையும் சொன்னால், பொய்ச்சாட்சி என்று தள்ளிவிடுவோம். இங்கே சாட்சி பொய் சொல்லவில்லை. சற்று முன் தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விஞ்ஞானிகள் இதை நேர்விகிதத்துக்கு அடங்காத இயக்கம் என்பார்கள். இரட்டிப்பாகக் கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பி வருவது நேர்விகிதம். கடையில் ஒரு படிக்குத் தந்த விலையைப் போல் இரண்டு தந்தால் இரண்டு படி அரிசி. இந்த மணியில் அவ்வியாபாரம் செல்லாது. கொடுத்தது எவ்வளவு என்பதோடு, எந்த வழியாக, எவ்வளவு விரைவாகக் கொடுத்தோம் என்பதும் பலனை நிர்ணயிக்கிறது.

பகைவனே காவலன்

நேயர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குறுகிய அலைநீளப் பக்கத்தில் லேஸரை நிறுத்திவிட்டால், தற்செயலாக மணி சற்றுச் சூடேறும்போது சுருதி விலகிச் செல்கிறது. உள்ளே புகும் ஒளி குறைகிறது. மணி குளிர்ந்து பழைய நிலைக்கு வருகிறது. தற்செயலாகக் குளிர்ந்தாலோ, ஒளி கூடி மீண்டும் சூடேறுகிறது. யாரும் கைவைக்காமலே மணி லேஸரோடு தன்னைப் பூட்டிக்கொள்கிறது. மறுபக்கத்தில் நிறுத்தினால், சிறு சூடு பெருஞ்சூடாகி நிலை குலைந்துவிடும். எந்த உஷ்ணத்தைப் பகையென்று எண்ணினோமோ, அதுவே நிற்க வேண்டிய பக்கத்தில் நின்றால் காவற்காரனாகிவிடுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்மன், யாங், வஹாலா என்னும் மூவர் 2004-ல் இதைத் தெளிவாக எழுதி வெளியிட்டனர். அதற்குமுன், 1992-லேயே, இல்செங்கோவும் கோரதெட்ஸ்கியும் இம்மணிகளின் வெப்ப விளைவுகளை ஆராய்ந்திருந்தார்கள்.

உஷ்ணத்தோடு வேறொரு சக்தியும் போட்டியிட்டால் இன்னும் வேடிக்கை. சிலிக்கனால் செய்த வளையத்தில் ஒளி பலமாகச் சுற்றும்போது மின்துகள்கள் விடுபடுகின்றன. அவை சுருதியை ஒரு பக்கம் இழுக்கின்றன, உடனடியாக. உஷ்ணம் மறு பக்கம் இழுக்கிறது, நிதானமாக. முன்கோபியும் மந்தனும் கூட்டுக் குடும்பத்தில் மாறி மாறி அதிகாரம் செய்வது போல, வளையத்து ஒளி தானாகவே ஏறுவதும் இறங்குவதுமாகத் துடிக்கத் தொடங்கும். அணைத்து ஏற்ற அங்கே எவருமில்லை. ஒளியின் அழுத்தமே மெல்லிய வளையத்தின் சுவரைத் தள்ளி அதிரச் செய்வதுமுண்டு. சக்தியை மேலும் கூட்டினால் அவ்வதிர்வு தாளக்கட்டை இழந்து, முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒழுங்கின்மையில் முடியும் என்பதை 2007-ல் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் எந்தக் கால அளவில் நடக்கிறது? ஒளி ஓடும் மெல்லிய விளிம்பு சூடேற, விநாடியின் லக்ஷத்தில் சில பங்கு போதும். மணி முழுவதும் சூடு பரவ விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு வேண்டும். அச்சூடு வெளிக்காற்றில் கரைய அதைவிடவும் நேரமாகும். விரைவும் தாமதமும் கலந்த இந்த அடுக்குகளே அத்தனை கூத்துக்கும் மூலம்.

ஒளிச் சீப்பு

இதையெல்லாம் அறிந்து ஆகப்போவது என்ன என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகள் சொல்வோம்.

கண்ணாடி மணியில் ஒளி அடர்ந்து சுழல்வதால், வெளியே பெரும் லேஸர் கொண்டு செய்ய வேண்டிய காரியங்கள் உள்ளே அற்பச் சக்தியில் நடந்தேறுகின்றன. 2002-ல் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளியைக் கொண்டு, ராமன் விளைவினால் இயங்கும் லேஸரை அதே கலிபோர்னியாக் கழகத்தார் இத்தகைய மணியில் செய்து காட்டினார்கள். 1921-ல் ராமன் கும்மட்டத்தில் கேட்டதும், 1928-ல் ராமன் ஒளியில் கண்டதும், இவ்வாறு ஒரு மணிக்குள் சந்தித்தன.

2007-ல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தார், ஒரே நிறமுள்ள லேஸரைச் சிறு வளையத்துக்குள் செலுத்தி, சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளியுள்ள பல நிறங்களை வெளிக்கொணர்ந்தார்கள். ஒளிச் சீப்பு என்னும் இம்முறை ஒளியின் அதிர்வை எண்ணி அளக்க உதவுவது. பெரிய கருவிகளில் அதை ஆக்கியதில் பங்கு கொண்ட ஹால், ஹென்ஷ் ஆகிய இருவருக்கு 2005-ஆம் வருஷத்து நோபெல் பரிசில் பாகம் கிடைத்தது. மேஜை நிறைந்த கருவியின் வேலையை நகக்கண்ணளவு சில்லு செய்யக்கூடும் என்று புலப்பட்டதும் உலகம் விழித்துக்கொண்டது. மிகத் துல்லியமான கடிகாரங்களும், ஒரே லேஸரிலிருந்து பல செய்தித் தடங்களும் இதனால் சாத்தியமாகின்றன.

ஆனால் அச்சீப்பின் பற்கள் கலையாமல் நிற்பதற்கு, வளையத்துக்குள் ஒளி ஒரே கட்டியான துடிப்பாக, உருக்குலையாமல் ஓட வேண்டும். சாலிட்டான் என்று இதற்குப் பெயர். அது உருவாகும் தருணத்தில் வளையத்துள் இருக்கும் ஒளியின் மொத்த அளவு சட்டென்று குறைகிறது. உடனே வளையம் குளிர்கிறது. சுருதி நழுவுகிறது. பிறந்த சாலிட்டான் பிறந்த இடத்திலேயே மடிகிறது. பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்த தடை இதுவே. 2014-ல் சுவிட்ஸர்லாந்தின் லொஸான் நகரத்தாரும் மாஸ்கோவினரும் சேர்ந்து, உஷ்ணம் உணர்ந்து நகர்வதற்குள் லேஸரைத் தக்க வேகத்தில் செலுத்தி அத்துடிப்பை நிலைநிறுத்தினார்கள். பிறகு, இன்னொரு லேஸரை அருகிலே செலுத்தி, குறைந்த சூட்டை அதனால் ஈடுசெய்யும் யுக்தியும் வந்தது. ஒளியின் கணக்கை மட்டும் கற்றவன் இங்கே தோற்றான். உஷ்ணத்தின் கணக்கையும் கற்றவனே வென்றான்.

2008-ல் மணியின் விளிம்பில் ஒரேயொரு இன்ஃபுளுவென்ஸாக் கிருமி ஒட்டியதையும் சுருதி மாற்றத்தால் கண்டுபிடித்தார்கள். இங்கும் சூடுதான் தொல்லை. கிருமி ஒட்டியதாலும் சுருதி நகர்கிறது, சூட்டாலும் நகர்கிறது. சூடு சொல்லும் பொய்ச் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையில் விலக்கத் தெரியாதவன், நோய் இல்லாதவனுக்கு நோய் உண்டென்று தீர்ப்பெழுதி விடுவான்.

இன்று இவ்வித்தை சிலிக்கன் சில்லுகளில் குடியேறியிருக்கிறது. சிலிக்கனின் ஒளி இயல்பு சூட்டுக்கு இளகும் அளவு, கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஒரு சில்லில் பல வளையங்களை வைத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தித் தடத்தைப் பிரித்தெடுக்கச் செய்கிறார்கள். பக்கத்துக் கம்பியின் சூடும், அண்டை வளையத்தின் சூடும், தன் ஒளியின் சூடும் ஒவ்வொரு வளையத்தையும் கலைக்கின்றன. அதனால் வளையத்தின் மேல் சிறு மின்னடுப்பு வைத்து, சுருதி கலையாமல் ஓயாது காத்துவரவேண்டியிருக்கிறது. அந்தக் காவலுக்கே செலவாகும் மின்சாரம் இத்தொழிலின் பெருங்கவலைகளுள் ஒன்று.

நமது பொறுப்பு

மேலே வந்த ஊர்களின் பெயரை நேயர்கள் கவனித்திருக்கலாம். மாஸ்கோ, கலிபோர்னியா, ஜெர்மனி, லொஸான். தொடக்கத்தில் கல்கத்தாவும் பிஜப்பூரும் இருந்தன. நடுவில் நம்மைக் காணோம். பிறர்மேல் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் உழைத்தார்கள்; அடைந்தார்கள். இந்தியாவிலும் இத்துறை அறவே இல்லாமலில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கன் ஒளியியல் ஆராய்ச்சி நடந்து வருகிறது. 2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை 6,003 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு அனுமதி தந்தது. அதன்கீழ் செய்திப் போக்குவரத்துக்கான மையம் சென்னைக்கே வாய்த்தது. பணம் ஒதுக்கியாயிற்று, கட்டடமும் எழும். ஆனால் ஆராய்ச்சிச் சாலையில் நின்று, சுருதி ஏன் நழுவுகிறது என்று தூக்கமின்றி யோசிக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வரப்போகிறார்கள்?

தென்காசியிலிருந்தும் வரவேண்டும் என்பது நமது கட்சி. 2019 நவம்பரில் தனி ஜில்லாவாகிய இவ்வூரில் பௌதிகம் பயிலும் பிள்ளைகளுக்குப் புத்தியில் குறைவில்லை. குறைவு இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பாஷை. புதிய விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்பார்கள். இந்த ஜில்லாக்களின் மண்ணிலேயே, பெருங்குளத்தில், 1891-ல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி, தொழிலால் வக்கீலாக இருந்துகொண்டே, வாழ்நாள் முழுதும் அது முடியும் என்று எழுதிக் காட்டினார். வக்கீல் செய்த காரியத்தை விஞ்ஞானம் படித்த ஆசிரியர்கள் செய்ய மாட்டாமை ஏன்? இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நமக்குச் சோறு போட்ட பாஷை. உலகத்தாரோடு வாதிட அது வேண்டும். ஆனால் மனத்தோடு வாதிடத் தாய்மொழி வேண்டும். சூத்திரம் காகிதத்தில் நின்று, பொருள் நெஞ்சில் இறங்காவிட்டால், அந்தப் படிப்பு பரீட்சை மண்டபத்து வாசலோடு விடைபெற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கை. புத்தகத்தில் வரைந்த படத்தைப் பார்த்துச் சோதனைக் குறிப்பை நிரப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். உயர்ந்த லேஸரும் மாசற்ற அறையும் சிறு கல்லூரிக்கு எட்டாமலிருக்கலாம். அதனால் உஷ்ணம் ஒளியை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க முடியாதா? சாயம் கலந்த திரவத்தின் வழியே சிறு லேஸர்க் கதிரைச் செலுத்தி, எதிர்ச் சுவரில் விழும் பொட்டைக் கவனியுங்கள். தன் சூட்டினாலேயே திரவத்தை வில்லையாக மாற்றிக்கொண்டு, பொட்டு சற்று நேரத்தில் விரியும். ஒளி தன் பாதையைத் தானே கலைத்துக்கொள்ளும் அந்த நாடகம், கண்ணாடி மணியில் நடப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். விரிய எத்தனை விநாடி ஆகிறது, கதிரைத் தடுத்தால் திரவம் பழைய நிலைக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று பிள்ளைகள் கடிகாரம் வைத்து அளக்கட்டும். லேஸரைக் கண்ணில் படாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். ராமன் ஸெயிண்ட் பால் மாடத்தில் செய்ததும், பிறர் பார்த்துவிட்டுப் போன இடத்தில் நின்று அளந்ததுதான்.

பசித்தவனுக்கு இது சோறு போடுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று கடையநல்லூர்க் கடைக்காரரும் செங்கோட்டை விவசாயியும் கையில் வைத்திருக்கும் தொலைபேசியின் வார்த்தை, நெடுவழியில் கண்ணாடி இழைக்குள் ஒளியாகவே செல்கிறது. அவ்வொளியைப் பிரிக்கவும் சேர்க்கவும் வேண்டிய கருவியைச் செய்யத் தெரிந்த நாடு விலையை வைக்கும். தெரியாத நாடு விலையைக் கொடுக்கும். அந்த விலை கடைசியில் கடைக்காரரின் பையிலிருந்தும் விவசாயியின் பையிலிருந்துமே போகும். பஞ்சை விற்றுத் துணியை வாங்கிய காலத்தை நமது தேசம் மறந்துவிடவில்லை. மணலை வைத்துக்கொண்டு சில்லை வாங்கும் காலம் நீடிக்க வேண்டுமா?

அன்று இருட்டுகிற வேளையில் நாங்கள் அருவியை விட்டுத் திரும்பினோம். வழியில் விளக்குக் கம்பத்தின் கீழே சாரல் துளிகள் மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துளியும் ஓர் உருண்டை. அதன் விளிம்பை ஒட்டியும் ஒளி சுற்றும். இளைஞர் நின்று சிறிது நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தகப்பனாரை நாளைக்கு இங்கே அழைத்து வந்து சொல்லிப் பார்க்கிறேன், ஐயா. கடன்காரன் கதை அவருக்கு நன்றாகப் புரியும்" என்றார்.

"சொல்லிப் பார், தம்பி. அவர் கேட்கும் முதற் கேள்வியைக் குறித்துக்கொள். உன் புத்தகத்தில் இல்லாத கேள்வியாக அது இருக்கும்" என்றோம்.